அந்த இரண்டாவது சரணம் எங்கே?

சிறுவர் பாட்டுப் போட்டிகளை நடத்தும் தமிழ்த் தொலைக்காட்சி நிலையங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

மாயவரத்தில் முப்பத்தொரு வருடமாகப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தெருவில் ‘பாட்டு சார்’ வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் வாசலில் பதினைந்து ஜோடிச் செருப்பு கிடந்தால் அன்றைக்கு நல்ல வருகை என்று அர்த்தம். முன்பெல்லாம் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், “நவராத்திரிக்குள்ள ரெண்டு பாட்டு பாடிடுவாளா சார்?” என்று கேட்பார்கள். இப்போது கேட்கிற கேள்வி வேறு. “ஆடிஷனுக்கு எப்ப சார் அனுப்பலாம்?” ஆரம்பப் பாடமான சரளி வரிசை முடிவதற்குள் கேட்டுவிடுகிறார்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் உங்கள் நிகழ்ச்சிகளைப் பார்க்கிறவன்தான். 2006இல் விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் வந்த நாள் முதல் சனி, ஞாயிறு ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில் டிவிக்கு முன்னால்தான். சினிமாவில் பாட வேண்டுமென்றால் கோடம்பாக்கத்தில் ஆள் தெரிந்திருக்க வேண்டும் என்றிருந்த நிலைமையை நீங்கள் கொஞ்சம் அசைத்தீர்கள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த செந்தில் கணேஷ் 2018இல் நாட்டுப்புறப் பாட்டைப் பாடியே பட்டம் வாங்கினார். 2023 டிசம்பரில் ஜீ தமிழின் சரிகமப மேடையில் யாழ்ப்பாணம் அரியாலைச் சிறுமி கில்மிஷா வென்றபோது இங்கே என் மனைவி தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள். அதே மேடையில் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அசானியும் பாடினாள். தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், எப்படி வாழ்கிறார்கள் என்று இங்கே பல பேர் முதல்முறையாக யோசித்தது அந்தப் பிள்ளை பாடிய பிறகுதான். இவ்வளவும் உங்களால் நடந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் ஏன் இந்த மடல் என்றால், என்னிடம் படிக்கிற பிள்ளை ஒருத்தி உங்களில் ஒருவரின் நிகழ்ச்சிக்கு வந்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. எந்த நிலையம், எந்த வருடம் என்று சொல்லப்போவதில்லை. அவள் பெயரையும் சொல்ல மாட்டேன். படிக்கிறபோது உங்களில் யாருக்காவது ‘இது நம்ம செட்டு மாதிரி இருக்கே’ என்று தோன்றினால், தோன்றட்டும்.

அவள் அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வாடகை சைக்கிள் காலமெல்லாம் போய், இப்போது பிள்ளைகள் சைக்கிள் விற்பனையும் பஞ்சர் வேலையும். பணக்காரர் இல்லை, கஷ்டப்படுகிறவரும் இல்லை. சொந்த வீடு, ஒரு பழைய டிவிஎஸ் வண்டி, கேஸ் அடுப்பு, கிரைண்டர். மாதம் பிறந்தால் எனக்குச் சம்பளம் சரியாக வந்துவிடும். பிள்ளை தேர்வானதும் ஒரு கார்த்திகை மாதக் காலையில் நான்கு பேர் காமிராவோடு வீட்டுக்கு வந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குரு ஆசீர்வாதம் செய்கிற காட்சி வேண்டுமாம்.

வந்தவர்களில் ஒரு தம்பி கையில் தாள் வைத்திருந்தார். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினார். “சார், அண்ணனோட வண்டிய மட்டும் அந்தாண்ட தள்ளி வச்சிடலாமா?” முதலில் வண்டி ஃபிரேமை விட்டுப் போனது. பிறகு ஃபிரிட்ஜ் மேல் ஒரு போர்வை விழுந்தது. அப்புறம் அம்மாவிடம், “நீங்க எதுல சமைப்பீங்க?” என்று கேட்டார். கேஸில்தான் என்றார் அவர். தம்பி தாளைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார். ஐந்தே நிமிடத்தில் கொல்லையில் மூன்று செங்கல், நடுவில் விறகு. ஐப்பசி பூரா அடைமழை பெய்து முடிந்திருந்த நேரம், விறகு ஊறிக் கிடந்தது. பற்றவே மாட்டேன் என்றது. கடைக்காரரின் மண்ணெண்ணெயை ஊற்றிப் பற்ற வைத்தார்கள். புகை என்றால் அப்படி ஒரு புகை. அந்த அம்மா ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி, கண் இரண்டும் சிவந்து தாரை தாரையாய்த் தண்ணீர். காமிரா அதை விடவே இல்லை.

அந்தப் புகைக்கு நடுவில் பிள்ளையை உட்கார வைத்து, “அம்மாவப் பாத்துக்கிட்டே பாடும்மா” என்றார்கள். ரெண்டு வரி பாடியதும் இருமல் பிடித்துக்கொண்டது. நான் குறுக்கே போனேன். நாளை மறுநாள் ஸ்டுடியோவில் பாட வேண்டிய தொண்டை ஐயா என்றேன். “சாரி சார், ஒரே ஒரு டேக்” என்றார் தம்பி. நான்கு டேக் ஆயிற்று.

ஒளிபரப்பான அன்று பார்த்தேன். அம்மாவின் கண்ணீர் ஸ்லோமோஷனில் வழிகிறது, பின்னணியில் புல்லாங்குழல். மகளின் கனவுக்காக அழுகிற தாய் என்று ஒரு குரல் சொல்கிறது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் அது ஈர விறகு என்று தெரியும். மறுநாள் கடைக்கு வந்தவர்கள் அந்த மனிதரிடம், “என்னப்பா, கேஸ் தீந்து போச்சா? சொல்லியிருந்தா நான் ஒரு சிலிண்டர் குடுத்திருப்பேனே” என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையிடமும் கேட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடித்தாள்.

ஒரு கணக்கும் வைத்திருக்கிறேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தே எழுதி வைத்தேன். அன்றைய ஒளிபரப்பில் அவள் வீட்டுக் கதை ஏழு நிமிடம். நடுவர்கள் பேசியது, எழுந்து நின்றது, எழுந்து நின்றதை மறுபடி காட்டியது, எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம். பாட்டு ஒரு நிமிடம் ஐம்பது நொடி. பல்லவி, முதல் சரணம், அவ்வளவுதான். இரண்டாவது சரணம் இல்லை. மூன்று வாரம் நானும் அவளும் உட்கார்ந்து உழைத்தது அந்த இரண்டாவது சரணத்துக்குத்தான். முதல் சரணத்தின் மெட்டேதான், ஆனால் கடைசி வரியில் ஒரு சங்கதி, அதாவது அதே வரியை மெருகேற்றிப் பாடுகிற இடம், மேலே ஏறி இறங்கும். அந்த இறக்கத்தில் மூச்சு விடாமல் அவள் அதை எடுப்பாள். ஸ்டுடியோவிலும் எடுத்தாள். நான் அங்கே இருந்தேன், என் காதால் கேட்டேன்.

ஸ்டுடியோ பற்றியும் சொல்ல வேண்டும். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி விடியற்காலையில் எழும்பூரில் இறங்கினோம். ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், ஏழுக்கே போய்விட்டோம். ஒன்பது மணிக்கு மேக்கப். பதினோரு மணிக்கு பேண்டோடு ஒருமுறை ஒத்திகை. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம்; பிள்ளைக்கு ஐந்தரைக் கட்டை சுருதி சுகமாக இருக்கும். ஒரிஜினல் ஸ்கேலில்தான் பாட வேண்டும் என்று ஒன்றரைக் கட்டை கூட்டினார்கள். கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் இறங்கிவிடுகிற விஷயம், கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. அதன் பிறகு காத்திருப்பு. மத்தியானச் சாப்பாடு நன்றாகவே போட்டார்கள், குறை சொல்ல முடியாது. ஏசி குளிரில் பிள்ளைகள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நாற்காலிகளில் தூங்கினார்கள். நடுவில் ஒருவர் வந்து, “எல்லாரும் சந்தோஷமா கைதட்டுங்க, இப்ப ஷாக் ஆகுங்க, இப்ப அழுகை வர மாதிரி” என்று பார்வையாளர்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார். மேடையில் அப்போது யாருமே பாடவில்லை. என்னையும் ஷாக் ஆகச் சொன்னார்கள். எனக்கு வரவில்லை.

அவள் மேடை ஏறியபோது மணி ராத்திரி பதினொன்று நாற்பது.

இந்த இடத்தில் ஒரு சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நான் வக்கீல் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் என் பழைய மாணவன், இப்போது வக்கீலாக இருக்கிறவன், அச்செடுத்துக் கொடுத்துப் படித்துக் காட்டினான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள், 2017இல் விதிகளையும் திருத்தினார்கள். பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் வேலை செய்யக் கூடாது. ஆனால் பள்ளிப் படிப்பு கெடாமல் சினிமா, தொலைக்காட்சியில் கலைஞராகப் பங்கெடுக்கலாம். அதற்கு நிபந்தனைகள் உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வு இல்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. சேர்ந்தாற்போல் இருபத்தேழு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. படப்பிடிப்பு நடக்கிற மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, பிள்ளைகளின் பட்டியலும் பெற்றோர் சம்மதமும் உறுதிமொழிப் படிவமும் கொடுக்க வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் கட்டாயம். பிள்ளைக்கு விருப்பமில்லாமல் எதிலும் ஈடுபடுத்தக் கூடாது.

“இது வேலை இல்லையே சார், போட்டிதானே” என்று உங்கள் ஆள் ஒருவர் என்னிடமே சொன்னார். சட்டம் அந்தச் சாக்குக்கு இடம் வைக்கவில்லை. பொழுதுபோக்காகச் செய்தாலும் சரி, தொழிலாகச் செய்தாலும் சரி, நடிக்கிற, பாடுகிற பிள்ளை கலைஞர்தான் என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. விளம்பர இடைவேளைக்குக் காசு வாங்குகிற நிகழ்ச்சியில் பாடுகிற பிள்ளை என்ன செய்கிறாள்? வேலைதான் செய்கிறாள். காலை ஏழு மணி முதல் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் ஐந்து மணி நேரத்தை எங்கே எப்படி எண்ணினீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. காமிரா ஓடுகிற நேரத்தை மட்டும் எண்ணுகிறீர்களோ என்னவோ.

அதே விதிகளில் இன்னொன்றும் உண்டு. பிள்ளை சம்பாதிப்பதில் குறைந்தது இருபது சதவீதத்தை நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கி ஒன்றில் பிள்ளை பெயரிலேயே நிரந்தர வைப்பாகப் போட வேண்டும், மேஜர் ஆனதும் அவள் எடுத்துக்கொள்ளலாம். நல்ல விதி. ஆனால் எங்கள் பிள்ளைக்கு ரயில் செலவும் சாப்பாடும் ஒரு பட்டுப்பாவாடையும் தவிர எதுவும் தரவில்லை. பூஜ்யத்தில் இருபது சதவீதம் என்ன வரும்? எட்டு வாரம் அவள் அங்கே வந்து போனாள். பேண்டில் தபலா வாசித்தவருக்குச் சம்பளம் உண்டு, லைட் பிடித்தவருக்கு உண்டு, ஷாக் ஆக வந்தவர்களுக்குக்கூட படி உண்டு என்று கேள்விப்பட்டேன். அத்தனை பேரும் எந்தப் பிள்ளையின் பாட்டைச் சுற்றி வேலை செய்தார்களோ அந்தப் பிள்ளைக்கு மட்டும் ‘வாய்ப்பு’.

பரிசு இருக்கிறதே என்பீர்கள். பரிசு ஒருவருக்கு, மிஞ்சினால் மூன்று பேருக்கு. அதிலும் பல லட்சம் ரூபாய் வீடு என்று அறிவிக்கிறீர்களே, தொலைக்காட்சிப் போட்டியில் கிடைக்கிற பரிசுக்கு முப்பது சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்கிற கூடுதல் வரியும் உண்டு என்பதை மேடையில் ஒருவராவது சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. பொருளாகக் கொடுத்தால் வரியைக் கட்டிய பிறகுதான் கைக்கு வரும். நாற்பது லட்சம் மதிப்புள்ள வீட்டுக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். சைக்கிள் கடைக்காரர் அதற்கு எங்கே போவார்? அந்த வரியை நாங்களே கட்டுகிறோம் என்று நீங்கள் சொல்வதானால் அதையும் சேர்த்தே அறிவியுங்கள், இன்னும் பெரிய கைதட்டல் கிடைக்கும். சரி, எங்கள் பிள்ளை அந்தக் கட்டம் வரைக்கும் போகவில்லை.

போகாத கதையையும் சொல்லிவிடுகிறேன். வெளியேற்றுகிற நாள் அன்று நான்கு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். விளக்கெல்லாம் அணைந்து தலைக்கு மேல் ஒரே ஒரு வெளிச்சம். டிரம் உருளுகிறது, நிற்கிறது, மறுபடி உருளுகிறது. தொகுப்பாளர் பெயரைச் சொல்ல வாயைத் திறந்து, ‘ஒரு சின்ன இடைவேளை’ என்றார். டிவியில் பார்க்கிறபோது நமக்கு அது வேடிக்கை. அங்கே நின்ற ஒன்பது வயதுப் பையன் ஒருவன் நின்ற இடத்திலேயே பாவாடை போல் தொங்கிய ஷெர்வானியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தான். வெளியேறப்போகிறவர் யார் என்று அரங்கில் பாதிப் பேருக்கு அதற்கு முன்பே தெரியும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும்தான் தெரியாது. முன்னாலேயே ஒரு அறையில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டு, பிறகு மேடையில் அவள் விரும்பின பாட்டு ஒன்றை முழுசாகப் பாடவிட்டு அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? அழுகை கிடைக்காது. ஆமாம், அது குறையும்.

பையன்கள் விஷயத்தில் இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. அந்தக் காலத்தில் சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிக்காரர்கள் ‘மகரக்கட்டு’ என்று ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள். பதின்மூன்று, பதினாலு வயதில் பையனுக்குக் குரல் உடைகிற பருவம். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக முதலாளிகள் அதை நினைத்துப் பயந்துகொண்டே இருப்பார்கள். நேற்று வரை பாலபார்ட்டில், அதாவது சிறுவன் வேஷத்தில், கொட்டகையே அதிரப் பாடினவன் இன்றைக்கு வாயைத் திறந்தால் தகரத்தைக் கீறின மாதிரி வரும். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அல்லது திரை இழுக்கிற வேலை கொடுப்பார்கள். அதைத் தாண்டி வந்து பெரிய நாடகப் பாடகர்களான கிட்டப்பாக்களை நமக்குத் தெரியும், தாண்டாதவர்கள் எத்தனை பேரோ. உங்கள் மேடையிலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் ஏழு கட்டையில் கத்திக் கைதட்டல் வாங்குகிறார்கள். இரண்டே வருடத்தில் அந்தக் குரல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். அப்போது அவனைக் கோயில் திருவிழாவுக்குக் கூப்பிடுகிறவர்கள் அதே பாட்டை அதே சுருதியில் கேட்பார்கள். மாறுகிற தொண்டையை வைத்துக்கொண்டு கத்தினால் நரம்பு வீங்கும், முடிச்சு விழும். பையனுக்கும் அவன் அப்பாவுக்கும் இதை யாராவது உட்கார வைத்துச் சொல்கிறீர்களா? உங்களிடம் குரல் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், நல்லவர்கள். இறுதிச்சுற்று முடிந்த பிறகு ஒரு வருடத்துக்கு, மாதம் ஒருமுறை, ஃபோனிலாவது அந்தப் பிள்ளைகளோடு அவர்கள் பேச ஏற்பாடு செய்யலாம். ஒரு விளம்பர இடைவேளைக் காசில் முடிகிற வேலை.

கதை சொல்லாமல் பாட்டுப் போட்டி நடத்த முடியாது, மக்கள் பார்க்க மாட்டார்கள் என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் 1996இல் ஈடிவியில் தெலுங்கில் தொடங்கி நடத்திய ‘பாடுதா தீயகா’வை நினைத்துப் பாருங்கள். எனக்குத் தெலுங்கு அரைகுறை, ஆனாலும் பார்ப்பேன். பிள்ளை பாடி முடித்ததும் இந்தப் பாட்டை யார் எழுதினார், யார் மெட்டுப் போட்டார், அந்த இடத்தில் ஏன் அந்த வார்த்தை என்று சொல்லுவார். தப்பைத் தானே பாடிக் காட்டித் திருத்துவார். அங்கேயும் கதை உண்டு. அது பாட்டின் கதை. இருபது வருடத்துக்கும் மேலாக ஜனங்கள் அதைப் பார்த்தார்களே.

வீட்டைக் காட்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அசானியின் தோட்டத்தைக் காட்டாமல் அவள் பாட்டை மட்டும் காட்டியிருந்தால் பாதி போயிருக்கும். இருக்கிறதைக் காட்டுங்கள். சைக்கிள் கடையைக் காட்டுங்கள். அந்த மனிதர் ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, மகள் பாடம் முடிகிற வரைக்கும் என் திண்ணையில் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருப்பார். கையை எங்கேயும் படாமல் முழங்கால் மேல் மலர்த்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மகள் எங்கே சுருதி விடுகிறாள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். சங்கீதம் படிக்காதவர், ஆனால் சுருதி விட்டால் அவர் புருவம் சுருங்கும். உங்கள் தம்பி அன்றைக்கு அதைக் கேட்கவே இல்லை. தாளில் இல்லை போலிருக்கிறது.

இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. செவ்வாய், வெள்ளி வருகிறாள், வர்ணம் நடந்துகொண்டிருக்கிறது. முதல் ஆறு மாதம் ஃபிளெக்ஸ் போர்டு வைத்தவர்கள், கடை திறப்புக்குக் கூப்பிட்டவர்கள் எல்லாம் இப்போது அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்கள். அதில் அவளுக்கு நிம்மதிதான். பொங்கலுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடினாள், ஐந்தரைக் கட்டையில்.

உங்களிடம் கடைசியாக ஒரு விண்ணப்பம், இது சட்டத்தில் இல்லாதது. அன்று ராத்திரி அவள் பாடின பாட்டு முழுசாக உங்கள் கம்ப்யூட்டரில் எங்காவது இருக்கும். வெட்டினதைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அந்த இரண்டாவது சரணத்தை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டு அனுப்பிவையுங்கள். ஒளிபரப்ப வேண்டாம். அவள் அப்பா இன்னும் அதைக் கேட்கவில்லை. அன்றைக்கு அவரைப் பெற்றோருக்கான வேறு அறையில் காமிராவுக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். அங்கே ஸ்பீக்கர் வேலை செய்யவில்லையாம். முகவரி அவர் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பாட்டு வாத்தியார்,
மாயவரம்